டிஃபிராக் கருவியில் எந்தக் கோப்பை எங்கே வைப்பது?

உங்கள் கேள்வியின் சாரம் இது. திருகோணமலையில் நண்பர்கள் சேர்ந்து விண்டோஸுக்கு ஒரு சின்ன டிஃபிராக் கருவி, அதாவது டிஸ்கில் துண்டு துண்டாகச் சிதறிய கோப்புகளை ஒன்றுசேர்க்கும் மென்பொருள், எழுதுகிறீர்கள். மத்திய வீதிப் பக்கம் ஒரு கலியாண வீடியோ ஸ்டூடியோ, உப்புவெளியில் ஒரு விடுதி, கிண்ணியாவில் ஒரு ரியூசன் நிலையம் ஆகியவற்றுக்குப் பாவித்துப் பார்க்கக் கொடுத்தீர்கள். அவர்கள் கேட்டவை: கோப்புகளைப் பெயர் வரிசையில் அடுக்க வேண்டும், பெரியவற்றை டிஸ்கின் கடைசிக்குத் தள்ள வேண்டும், அடிக்கடி திறப்பவற்றை முன்னுக்குக் கொண்டுவர வேண்டும், சுற்றும் தட்டில்லாத எஸ்எஸ்டிக்கும் ஒரு பொத்தான் வேண்டும், பழைய விண்டோஸில் இருந்த வண்ணக் கட்டப் படம் வேண்டும். எதைச் செய்வது, எதை விடுவது?

இடம் ஒதுக்கும் வசதிகளில் பாதிக்கு மேல், கோப்பை நகர்த்தும் செலவைத் திருப்பித் தராதவை. நகர்த்தும் ஒவ்வொரு ஜிபியும் ஒருமுறை வாசிக்கப்பட்டு ஒருமுறை எழுதப்படுகிறது. ஆகவே எந்தக் கோரிக்கை வந்தாலும் இப்போது எத்தனை ஜிபி நகர வேண்டும், பிறகு எவ்வளவு நேரம் மிஞ்சும் என்ற இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள்.

அந்தக் கணக்கு கடினமில்லை. நிமிடத்துக்கு 7,200 தரம் சுற்றும் டிஸ்கில் ஒரு சுற்றுக்கு 8.33 மில்லி செக்கன். தேவையான இடம் வாசிக்கும் தலைக்குக் கீழே வரச் சராசரியாக அரைச் சுற்று, அதாவது 4.17 மில்லி செக்கன். தலை நகர்ந்து, தரவு எழுதிய வட்டமான தடத்தைப் பிடிக்க 9 என்று வையுங்கள். ஒரு துண்டிலிருந்து அடுத்த துண்டுக்குத் தாவ ஏறக்குறைய 13 மில்லி செக்கன் போகிறது. செக்கனுக்கு 150 எம்பி வாசிக்கும் டிஸ்க் அந்த நேரத்தில் 2 எம்பி வாசித்திருக்கும். இப்போது 4 ஜிபி வீடியோ ஒன்றை எடுங்கள். ஒரே துண்டாக இருந்தால் வாசிக்க 27 செக்கன். 64 எம்பி அளவான 64 துண்டுகளாக இருந்தால் மேலதிகமாக ஒரு செக்கன்கூட ஆகாது. அதே கோப்பு 64 கேபி அளவான 65,536 துண்டுகளாகச் சிதறிக் கிடந்தால் தாவுவதற்கு மட்டும் 14 நிமிடம். விண்டோஸின் சொந்த டிஃபிராக் 64 எம்பிக்கு மேற்பட்ட துண்டுகளைத் தொடாமல் விடுவது இந்தக் கணக்கால்தான். சோம்பலால் அல்ல.

ஆகவே உங்கள் கருவி துண்டுகளின் எண்ணிக்கையைப் பார்க்கக் கூடாது, துண்டின் சராசரி அளவைப் பார்க்க வேண்டும். இந்த எல்லையைப் பாவனையாளர் மாற்றக்கூடிய எண்ணாக வையுங்கள், முன்னிருப்பு 64 எம்பி. "இன்னும் 3 வீதம் சிதறல் இருக்கிறதே, ஏன் பூச்சியம் ஆகவில்லை" என்ற முறைப்பாடு கட்டாயம் வரும். அறிக்கையிலேயே அந்த மிச்சத் துண்டுகளின் சராசரி அளவையும் காட்டிவிட்டால் முறைப்பாடு பாதியாகக் குறையும்.

அடுத்து, பெரிய கோப்புகளைக் கடைசிக்குத் தள்ளுவது. டிஃபிராக்லர் என்ற கருவி இந்த வசதியைத் தந்து பழக்கிவிட்டதால் எல்லோரும் கேட்கிறார்கள். தட்டின் வெளித் தடங்களில் உள் தடங்களைவிட அதிக செக்டர்கள் (தரவு எழுதும் சிறு கூறுகள்) இருக்கின்றன, சுற்றும் வேகமோ ஒன்றே. அதனால் வெளி விளிம்பில் 200 எம்பி தரும் டிஸ்க் உள் விளிம்பில் ஏறத்தாழ 100 தான் தரும். டிஸ்கின் தொடக்க முகவரிகள் வெளி விளிம்பில் இருக்கின்றன. "கடைசி" என்பது மெதுவான பக்கம்.

விடுதிக் கணினியில் இந்த வசதி நல்லது. அங்கே பெரிய கோப்பு என்றால் பழைய பேக்கப், ஐஎஸ்ஓ, யாரோ இறக்கி வைத்த படம். ஸ்டூடியோவில் அதே விதி தலைகீழாக வேலை செய்யும். அங்கே பெரிய கோப்புதான் அன்றாட வேலை. இந்தக் கிழமை எடிட் பண்ணும் கலியாணத்தின் 60 ஜிபி காட்சிகளை டிஸ்கின் மெதுவான ஓரத்துக்குத் தள்ளினால் டைம்லைன் திக்கித் திக்கித்தான் ஓடும். ஆகவே அளவை மட்டும் வைத்து முடிவெடுக்க விடாதீர்கள். மூன்று நிபந்தனைகளும் சேர வேண்டும்: இத்தனை எம்பிக்கு மேல், மாற்றி இத்தனை நாள் ஆகிவிட்டது, தொட வேண்டாம் என்று பாவனையாளர் விலக்கிய ஃபோல்டர்களுக்குள் இல்லை. கடைசியாக மாற்றப்பட்டு 60 அல்லது 90 நாள் என்பது கலியாண ஸ்டூடியோவுக்குப் பொருந்தும். அல்பம் ஒப்படைத்த பிறகு அந்த ஃபோல்டரை யாரும் திறப்பது அரிது.

அந்த ஸ்டூடியோவுக்கு உங்கள் மென்பொருளைவிட நல்ல வழி இரண்டு இருக்கிறது. அதையும் உதவிப் பக்கத்தில் எழுதுங்கள். ஒன்று, டிஸ்கின் முதல் 300 அல்லது 400 ஜிபியைத் தனிப் பார்ட்டிஷனாக்கி நடப்பு வேலைக்கு மட்டும் வைப்பது. அது வெளி விளிம்பில் விழும், எந்தக் கருவியும் இல்லாமல் அங்கேயே நிற்கும். மற்றது, மூலக் காட்சிகளை ஒரு டிஸ்கிலும் ஏற்றுமதியாகும் கோப்பை இன்னொரு டிஸ்கிலும் வைப்பது. ஒரே டிஸ்கின் இரண்டு பார்ட்டிஷன்களுக்கு இடையில் இதைச் செய்தால் பயனில்லை. தலை இரண்டுக்கும் நடுவே ஓடி ஓடி இன்னும் மோசமாகும்.

காட்சிகள் மட்டும் வைக்கும் அந்த டிரைவை ஃபோர்மற் செய்யும்போது கிளஸ்டர் அளவை, அதாவது கோப்புக்கு இடம் ஒதுக்கும் மிகச் சிறிய அலகை, 64 கேபி ஆக்கச் சொல்லலாம். ஒரு கோப்புக்குச் சராசரியாக 32 கேபி வீணாகும். சில நூறு வீடியோக்களுக்கு அது ஒன்றுமில்லை. 50,000 சிறு கோப்புகள் உள்ள டிரைவில் 1.6 ஜிபி போய்விடும். 4 கேபிக்கு மேற்பட்ட கிளஸ்டரில், விண்டோஸின் கோப்பு முறைமையான என்டிஎஃப்எஸ் தரும் கோப்புச் சுருக்கம் வேலை செய்யாது என்பதையும் சொல்லிவிடுங்கள்.

பெயர் வரிசை கேட்டவர் அனேகமாக ஃபோட்டோ ஃபோல்டரை மனதில் வைத்துத்தான் கேட்டிருப்பார். அந்த அளவில் அவர் சொல்வது சரி. 2,000 ஜேபெக் படங்கள் உள்ள ஃபோல்டரைத் திறந்து சிறுபடங்கள் வரக் காத்திருக்கும்போது, ஒவ்வொரு படமும் ஒரே துண்டாக இருந்தாலும் 2,000 படங்களும் டிஸ்க் முழுக்கச் சிதறிக் கிடந்தால் 2,000 தாவல்கள், ஏறக்குறைய 26 செக்கன். துண்டுச் சிதறல் பூச்சியம் என்று அறிக்கை சொல்லும், ஃபோல்டர் திறக்க மாட்டேன் என்று அடம்பிடிக்கும். பல டிஃபிராக் கருவிகள் இந்த வகைச் சிதறலைக் கணக்கிலேயே எடுப்பதில்லை. உங்கள் கருவி எடுத்தால் அது நல்ல வேறுபாடு.

ஆனால் முழு டிஸ்கையும் பெயர் வரிசையில் அடுக்கும் பொத்தானை வைக்காதீர்கள். ஓ அண்ட் ஓ டிஃபிராக்கில் அப்படி ஒரு முறை உண்டு. நாளைக்கே நடுவில் ஒரு ஃபோல்டர் பெருத்தால், அதற்குப் பின்னால் உள்ள எல்லாவற்றையும் தள்ளினால்தான் வரிசை நிற்கும். 500 ஜிபியைச் செக்கனுக்கு 40 எம்பி என்ற நல்ல வேகத்தில் நகர்த்தினாலும் மூன்றரை மணித்தியாலம். சிறு கோப்புகள் நிறைந்த டிஸ்கில் ஓர் இரவு போதாது. வரிசையை ஃபோல்டருக்குள் மட்டும் வையுங்கள். பாவனையாளர் காட்டும் ஃபோல்டரின் கோப்புகளை எடுத்து, அவை எல்லாம் கொள்ளும் ஒரே காலியிடத்தைத் தேடி, பெயர் வரிசையில் அங்கே இறக்க வேண்டும். அந்த ஃபோல்டர் டிஸ்கின் எந்த மூலையில் இருந்தாலும் பரவாயில்லை. அவ்வளவு பெரிய காலியிடம் இல்லையென்றால் பாதியில் தொடங்காமல் "இடம் போதாது" என்று சொல்லி நிறுத்துங்கள்.

அடிக்கடி திறப்பவற்றை முன்னுக்குக் கொண்டுவருவதில் இரண்டு கண்ணிகள் உண்டு. முதலாவது, எது அடிக்கடி திறக்கப்படுகிறது என்று கண்டுபிடிப்பது. கடைசியாக அணுகிய நேரத்தை நம்பித்தான் எல்லோரும் தொடங்குவார்கள். விஸ்டாவிலிருந்து விண்டோஸ் அந்த நேரத்தைப் பதிவதை முன்னிருப்பாக நிறுத்திவிட்டது. பிறகு வந்த விண்டோஸ் 10 பதிப்புகளில் கணினிக்குக் கணினி நிலைமை மாறும். விண்டோஸின் எஃப்எஸ்யூட்டில் என்ற கட்டளையில் டிஸேபிள்லாஸ்ட்அக்சஸ் மதிப்பைக் கேட்டுப் பாருங்கள். 1 அல்லது 3 வந்தால் பதிவு நிறுத்தப்பட்டிருக்கிறது, அந்தத் திகதிகள் எல்லாம் குப்பை. 0 அல்லது 2 வந்தாலும் என்டிஎஃப்எஸ் அதை ஒரு மணித்தியாலம் வரை தாமதித்தே எழுதும். வைரஸ் ஸ்கேனோ பேக்கப்போ ஒருமுறை முழு டிஸ்கையும் வாசித்துவிட்டால் எல்லாக் கோப்பும் "இன்று பாவித்தது" ஆகிவிடும். மாற்றிய திகதி இதைவிட நம்பகமானது. பர்ஃபெக்ட்டிஸ்க் போன்ற கருவிகள் மாற்றப்பட்ட காலத்தை வைத்துப் பிரித்ததற்கு இன்னொரு நல்ல காரணமும் உண்டு. மாறாத கோப்புகளை ஒரு பக்கம் நெருக்கி அடுக்கிவிட்டால் அடுத்த முறை அந்தப் பக்கத்தைத் தொடவே தேவையில்லை.

இரண்டாவது, விண்டோஸுடன் மல்லுக்கட்டுவது. விண்டோஸ் ஃபோல்டருக்குள் பிரீஃபெட்ச் என்ற ஃபோல்டரில் லேஅவுட்.ஐஎன்ஐ என்றொரு கோப்பு இருக்கும். கணினி தொடங்கும்போதும் புரோகிராம்கள் திறக்கும்போதும் எந்தக் கோப்புகள் எந்த ஒழுங்கில் வாசிக்கப்படுகின்றன என்ற பட்டியல் அது. கணினி சும்மா இருக்கும் வேளையில் ஏறக்குறைய மூன்று நாளுக்கு ஒருமுறை விண்டோஸ் அதைப் புதுப்பித்து, பட்டியலில் உள்ளவற்றைத் தானே ஓர் இடத்தில் சேர்க்கும். நீங்கள் அந்தக் கோப்புகளை வேறிடத்துக்குக் கொண்டுபோனால் விண்டோஸ் திருப்பிக் கொண்டுவரும், நீங்கள் மறுபடியும் கொண்டுபோவீர்கள். ஹார்ட் டிஸ்க் விளக்கு அணையாமல் எரிவதுதான் மிச்சம். சிறந்த வழி, அந்தப் பட்டியலில் உள்ள எதையும் தொடாமல் விடுவது. இல்லையென்றால் பட்டியலை நீங்களே வாசித்து அதே ஒழுங்கில் அடுக்கி, ரெஜிஸ்ட்ரியில் பூட்ஒப்டிமைஸ்ஃபங்ஷன் என்பதன் எனேபிள் மதிப்பை 'என்' என்ற ஆங்கில எழுத்தாக மாற்ற வேண்டும். அப்படிச் செய்தால் கருவியை நீக்கும்போது மறக்காமல் 'வை' என்ற எழுத்தாக்கிவிட்டுப் போங்கள். டாஸ்க் ஷெடியூலரில் உள்ள ஷெடியூல்ட்டிஃபிராக் வேலையும் இப்படித்தான். விண்டோஸ் 7இல் அது புதன்கிழமை அதிகாலை ஒரு மணிக்கு என்று இருக்கும். இரவில் மூடும் கடைக் கணினியில் அது காலையில் கணினி போட்ட பிறகு, உங்கள் கருவி ஓடும் அதே நேரத்தில் கிளம்பலாம்.

என் தெரிவு டிஸ்கை மூன்று வலயங்களாகப் பிரிப்பதோடு நிற்பது. ஜேகேடிஃபிராக் என்ற கருவி இந்த வழியைக் காட்டியது, அதன் மூல நிரலும் திறந்தது, படித்துப் பாருங்கள். முதலில் ஃபோல்டர் அட்டவணைகள், அடுத்துச் சாதாரணக் கோப்புகள், கடைசியில் இடத்தை விழுங்கும் பழையவை. வலயங்களுக்கிடையில் டிஸ்கின் 1 வீதம் போலக் காலி விடும். அந்த இடைவெளி முக்கியமானது. ஒட்டி ஒட்டி அடுக்கினால் முதல் புதுக் கோப்பே இடமில்லாமல் துண்டாகும். வலயத்துக்குள் கோப்பு எங்கே இருக்கிறது என்பதைக் கண்டுகொள்ளாதீர்கள். எம்எஃப்டியை, அதாவது டிரைவிலுள்ள எல்லாக் கோப்புகளின் விவரமும் இருக்கும் அட்டவணையைச் சுற்றியுள்ள வலயத்தையும் விட்டுவிடுங்கள். 4 கேபி கிளஸ்டருள்ள டிரைவில் எம்எஃப்டி பெரும்பாலும் 786432ஆம் கிளஸ்டரில், அதாவது 3 ஜிபி தள்ளித் தொடங்கும். அது வளர்வதற்கென்று என்டிஎஃப்எஸ் கொஞ்ச இடத்தை ஒதுக்கி வைக்கும், எக்ஸ்பி காலத்தில் முன்னிருப்பு டிரைவின் எட்டில் ஒரு பங்கு, இப்போது 200 எம்பி. "காலியாகத்தானே கிடக்கிறது" என்று அங்கே கோப்புகளை அடைத்தால் எம்எஃப்டியே துண்டாகும். அதைப் பிறகு சரிசெய்வது பெரும்பாடு.

காலியிடத்தை ஒன்றாக்கும் வசதியை யாரும் கேட்கவில்லை. நான் அதை இடம் ஒதுக்கும் எல்லா வசதிகளுக்கும் மேலே வைப்பேன். விண்டோஸின் டிஃபிராக் கட்டளையோடு சேர்க்கும் எக்ஸ் என்ற சுவிட்ச் இதைத்தான் செய்கிறது. புதுக் கோப்பு துண்டாவது காலியிடம் துண்டாக இருப்பதால்தான். டிஸ்க் 90 வீதத்துக்கு மேல் நிறைந்துவிட்டால் எந்தக் கருவியும் நிலைத்த பலன் தராது. எக்ஸ்பி காலத்து டிஃபிராக் 15 வீதம் காலி வேண்டும் என்று கேட்டது இன்றைக்கும் நல்ல அளவுகோல்.

சில கோப்புகள் எத்தனை தரம் சேர்த்தாலும் அடுத்த கிழமை சிதறும். அவற்றுக்கு மருந்து வேறு. விடுதியின் கணக்கு மென்பொருள் எஸ்கியூஎல் சேர்வர் என்ற தரவுத்தளத்தைப் பாவித்தால், 2016க்கு முந்திய பதிப்புகளில் தரவுக் கோப்பு ஒவ்வொரு முறையும் 1 எம்பி மட்டுமே வளரும்படி முன்னிருப்பு இருக்கும். அதை 64 எம்பிக்கு மேல் ஆக்கினால் சிதறல் வெகுவாகக் குறையும். பல சிசிடிவி கமராக்களை ஒரே டிஸ்கில் பதியும் மென்பொருளும், டொரன்ட் இறக்கும் மென்பொருளும், இடத்தை முன்கூட்டியே ஒதுக்கும் தெரிவு இருந்தால் அதைப் போட்டால் போதும். ஒரே கோப்பு மூன்று முறை தொடர்ந்து சிதறியிருந்தால் உங்கள் கருவி அதைத் தனியாகப் பட்டியலிட்டு, எந்த மென்பொருள் எழுதுகிறது என்று பார்க்கச் சொல்லட்டும்.

எஸ்எஸ்டிக்கு டிஃபிராக் பொத்தான் வேண்டாம். அங்கே தலையும் இல்லை, தடமும் இல்லை. நீங்கள் பார்க்கும் முகவரிக்கும் உள்ளே தரவு கிடக்கும் இடத்துக்கும் தொடர்பில்லை. எந்த இடங்கள் காலி என்று எஸ்எஸ்டிக்குச் சொல்லும் டிரிம் கட்டளையை அனுப்பும் பொத்தான் போதும், விண்டோஸின் டிஃபிராக்கில் எல் சுவிட்ச். ஒரே ஒரு விதிவிலக்கு: ஒரு கோப்பு லட்சக்கணக்கான துண்டுகளாகி 665 என்ற பிழை வந்தால் என்டிஎஃப்எஸ் தன் எல்லையை முட்டிவிட்டது என்று பொருள். அந்தக் கோப்பை மட்டும் பிரதி எடுத்து மாற்றுங்கள்.

எது எஸ்எஸ்டி என்று கண்டுபிடிப்பதில் கவனம் வேண்டும். டிஸ்க் தன்னை அறிமுகப்படுத்தும் தகவலில் 217ஆம் சொல் (217ஆம் இடத்திலுள்ள எண்) 1 என்றால் சுற்றாத ஊடகம், 5400, 7200 போன்ற எண் என்றால் சுற்று வேகம். டிரிம் ஏற்கிறதா என்பதை அளவுகோலாக எடுக்காதீர்கள். தடங்கள் ஒன்றன்மேல் ஒன்று படியும் எஸ்எம்ஆர் வகை ஹார்ட் டிஸ்குகளிலும் டிரிம் ஏற்பவை உண்டு. யூஎஸ்பி பெட்டிகள் பலவும் 217ஆம் சொல்லை மறைத்துவிடும். தெரியாதபோது ஊகிக்காமல் பாவனையாளரைக் கேளுங்கள். எஸ்எம்ஆர் டிஸ்கில் சிறிது இடத்தை மாற்ற, படிந்த தடங்களின் முழுப் பட்டையையும் திருப்பி எழுத வேண்டும். முதல் சில நிமிடம் வேகமாக ஓடி, பிறகு செக்கனுக்குச் சில எம்பிக்கு விழுந்தால் அதுதான் காரணம். அங்கே மோசமாகச் சிதறிய கோப்புகளை மட்டும் தொட்டுவிட்டு நிறுத்த வேண்டும்.

தொடங்குமுன், டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே பதியும் ஸ்மார்ட் தகவலையும் வாசியுங்கள். பழுதான செக்டர்களைக் காட்டும் 5, 197, 198 ஆகிய எண்களில் பூச்சியமல்லாத பெறுமதி இருந்தால் டிஃபிராக் பொத்தானை மங்கலாக்கி "முதலில் பேக்கப் எடுங்கள்" என்று மட்டும் காட்டுங்கள். மெதுவாகிவிட்டது என்று டிஃபிராக் போடும் டிஸ்குகளில் பல உண்மையில் சாகும் டிஸ்குகள். கேபிள் வழிப் பிழைகளை எண்ணும் 199 மட்டும் ஏறினால் கேபிளையும் அதன் முனையையும் பார்க்கச் சொல்லுங்கள், கடற்கரைக் கடைகளில் உப்புக் காற்று முனைகளைத்தான் முதலில் தின்னும். 194 வெப்பநிலை. கச்சான் வீசும் மாதங்களில் விசிறி மட்டும் உள்ள அறையில் டிஸ்க் 50 பாகையைத் தொடுவது பெரிய விடயமல்ல. பல டிஸ்குகளுக்குத் தயாரிப்பாளர் சொல்லும் எல்லை 60. 50இல் நிறுத்தி 45க்கு இறங்கியதும் தொடரும்படி வையுங்கள்.

நடுவில் கரண்ட் போனால் எல்லாம் அழிந்துவிடும் என்ற பயம் மிகைதான். விண்டோஸ் தரும் நகர்த்தும் வசதியையே பாவித்தால், கோப்பு ஒன்றில் பழைய இடத்தில் இருக்கும் அல்லது புதிய இடத்தில் இருக்கும், மாற்றங்களைக் குறித்துவைக்கும் என்டிஎஃப்எஸ் பதிவேடு அதைப் பார்த்துக்கொள்ளும். டிவைஸ் மனேஜரில் எழுதும் கேஷைக் (தரவு டிஸ்கில் பதியுமுன் தங்கும் நினைவகத்தை) காலிசெய்வதை நிறுத்தும் தெரிவை யாராவது வேகத்துக்காகப் போட்டிருந்தால் அந்த உத்தரவாதம் போய்விடும், அதை எச்சரிக்கையாகக் காட்டுங்கள். ஒரே அழைப்பில் 10 ஜிபியை நகர்த்தாமல் சில எம்பிகளாக நகர்த்தினால் நிறுத்து பொத்தானும் உடனே கேட்கும், மின் தடையில் இழப்பதும் குறையும். யூபிஎஸ்ஸின் யூஎஸ்பி கேபிளைக் கணினியில் செருகியிருந்தால் விண்டோஸ் அதை பற்றரியாகக் காட்டும், பற்றரிக்கு மாறியதும் நிறுத்திவிடலாம்.

நிரல் எழுதும்போது தலையிடி தரும் இரண்டு விடயங்கள்: காலியிட வரைபடத்தை வாசித்த கணத்திலிருந்து அது பழசாகிக்கொண்டிருக்கும், வேறு மென்பொருள் அந்த இடத்தைப் பிடித்துவிட்டால் நகர்த்தும் அழைப்பு தோற்கும், திருப்பி வாசித்து முயலுங்கள். அதுபோல இப்போதுதான் காலியாக்கிய கிளஸ்டர்களை அடுத்த சோதனைப்புள்ளி (பதிவேட்டை ஒழுங்குபடுத்தும் நேரம்) வரை என்டிஎஃப்எஸ் தராது, சில செக்கன் பொறுக்க வேண்டும். சிஸ்டம் ரிஸ்டோர் போட்டிருக்கும் டிரைவில் நகர்த்தினால் பழைய நிலையைச் சேமிக்கும் நிழல் பிரதிக்கான இடம் நிறைந்து பழைய மீட்புப் புள்ளிகள் அழியலாம். 16 கேபிக்குக் குறைந்த கிளஸ்டரில் இது கூடுதல். தொடங்குமுன் சொல்லிவிடுங்கள், பிறகு திட்டு வாங்க வேண்டியதில்லை.

வண்ணப் படம் கேட்கிறார்களா, கொடுங்கள். வேகம் கூடாது, ஆனால் அதைப் பார்த்துக்கொண்டிருப்பதில் ஒரு சுகம் உண்டு, அதை மறுக்க எனக்கு மனமில்லை. 1 டிபி டிஸ்கில் 4 கேபி கிளஸ்டர்கள் 24 கோடிக்கு மேல். 2,000 கட்டம் வரைந்தால் ஒரு கட்டம் 500 எம்பி. ஒரு கிளஸ்டர் சிதறியதற்காகக் கட்டம் முழுவதும் சிவப்பானால் படம் பொய் சொல்லும். சிதறிய பங்குக்கு ஏற்ப நிறத்தின் அடர்த்தியை மாற்றுங்கள்.

பலனை அளக்கும்போது கணினியை மறுதொடக்கம் செய்து, இரண்டு மூன்று நிமிடம் பொறுத்து, அதே ஃபோல்டரை ஒருமுறை மட்டும் வாசித்து நேரம் எடுங்கள். மறுதொடக்கம் இல்லாமல் இரண்டாம் முறை வாசித்தால் தரவு ரேமிலிருந்து வரும், எந்தக் கருவியும் அற்புதமாகத் தெரியும். டிஃபிராக்குக்கு முன் மூன்று முறை, பின் மூன்று முறை, ஒவ்வொன்றுக்கும் இடையில் மறுதொடக்கம். நடு எண்ணை எடுத்து, நகர்த்த எடுத்த நேரத்தோடு சேர்த்து அறிக்கையில் போடுங்கள்.